டிலக்சன் என்றால் என்ன அர்த்தம்?

எங்கள் தலைமுறையைப் பற்றி ஒரு பகிடி இருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பெடியனுக்குப் பெயர் வைக்கிறதென்றால் ஆங்கில எழுத்துகளைச் சுளகில் போட்டுப் புடைத்தால் போதுமாம். நிலத்தில் விழுகிறதைப் பொறுக்கி, கடைசியில் ஒரு 'ன்' ஒட்டினால் பெயர் ரெடியாம். டிலக்சன், டினோஜன், கஜீபன், நிரோயன், சுஜீவன், துசாந்தன். கலியாண வீட்டில் சொல்கிறார்கள். புத்தக வெளியீட்டில் தலைமை தாங்குகிறவர் பொன்னாடை போர்த்தி முடிந்ததும் சொல்கிறார். எங்களுக்குத் தெரிந்த விரிவுரையாளர் ஒருவர் முதலாம் வருடத்து இடாப்பை வாசிக்கிறபோது பெயருக்குப் பெயர் நின்று, "தம்பி, உதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்பார். பெடியன் தலையைச் சொறிவான். வகுப்பு சிரிக்கும். அவரும் சிரிப்பார். பிறகு தமிழ் அழிகிறதைப் பற்றி ஐந்து நிமிடம்.

அந்தச் சிரிப்போடு எங்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பெயருக்கு அர்த்தம் இருக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறவர்கள், அர்த்தம் என்றால் அகராதியில் இருப்பது மட்டும்தான் என்று நினைக்கிறார்கள். யார் வைத்தது, எந்தப் பயத்தில் வைத்தது, எந்தப் பெயரை வைக்க விடாமல் தடுத்ததால் இதை வைத்தது என்று அவர்கள் கேட்பதில்லை. ஆனால் எங்கட ஊர்ப் பெயர்களின் அர்த்தம் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கிறது.

முதலில் அர்த்தம் விற்கிறவர்களைப் பார்ப்போம். பஸ் ஸ்டாண்ட் புத்தகக் கடையிலும் கிடைக்கும், போனிலும் கிடைக்கும்: ஆண் குழந்தைப் பெயர்கள், ஒரு பக்கம் பெயர், மறுபக்கம் அர்த்தம். இப்போது பிறக்கிற பிள்ளைகளில் ஆரவ் என்று ஒரு பெயர் நிறையக் கேட்கிறது. பட்டியலில் அதற்கு எழுதியிருக்கிற அர்த்தம் 'அமைதியானவன்'. சமஸ்கிருத அகராதியை எடுத்துப் பாருங்கள். ஆரவம் என்றால் ஒலி, கூச்சல், அலறல். தமிழ் லெக்சிக்கனிலும் அதே ஒலிதான். ஆரவாரம் என்ற சொல் எங்களுக்குத் தெரியும்தானே? அமைதி என்று நினைத்துக் கூச்சலைத் தூக்கிப் பிள்ளையின் தலையில் வைத்திருக்கிறார்கள். (விடியப்புறம் இரண்டு மணிக்கு எழும்பிக் கத்துகிற பிள்ளைக்கு அது பொருத்தம்தான்.) ஒரு பட்டியலில் யாரோ பிழையாக எழுத, அடுத்த பட்டியல் அதைப் பார்த்து எழுத, இன்று அதுவே உண்மை. நிரோஷனுக்கு வாருங்கள். வடமொழியில் ரோஷம் என்றால் கோபம், ஆகவே கோபமில்லாதவன், நல்ல பிள்ளை. அந்தச் சொல் தமிழுக்கு வந்து ரோசம் ஆகியபோது மானமும் அதோடு ஒட்டிக்கொண்டது. அப்படிப் பார்த்தால் நிரோஷன் ரோசம் கெட்டவன். எந்த அர்த்தத்தை எடுப்பது? நிரோஷனின் அம்மா இரண்டையும் எடுக்கவில்லை. அவவுக்கு அந்தப் பெயர் வடிவாக இருந்தது.

பட்டியல்களில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஆண் பிள்ளைக்கு: வெற்றி பெறுபவன், ஆள்பவன், எதிரிகளை அழிப்பவன், சிங்கம் போன்றவன், சூரியன். பெண் பிள்ளைக்கு: அழகு, மென்மை, மலர், விளக்கு, பொறுமை. முப்பது வருடம் போர் நடந்த நிலத்தில், அழிக்கப் போனவர்களும் அழிக்கப்பட்டவர்களும் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று தெரிந்த பிறகும், தொட்டிலில் கிடக்கிற பெடியனுக்கு எதிரியை அழிப்பவன் என்று தேடித்தேடி வைக்கிறோம். பொறுமை என்ற அர்த்தத்தில் ஒரு ஆண் பெயர் தேடிப் பாருங்கள், எத்தனை கிடைக்கிறது என்று.

அடுத்து சாத்திரியார். பிள்ளை பிறந்த நட்சத்திரத்துக்கு நாலு எழுத்து கொடுப்பார், அதில்தான் பெயர் தொடங்க வேண்டும். அசுவினி என்றால் சு, சே, சோ, ல. பரணி என்றால் லி, லு, லே, லோ. சுவாதி என்றால் ரு, ரே, ரோ, த. அத்தம் என்றால் பு, ஷ, ண, ட. எங்கட பஞ்சாங்கத்தில் அச்சாகிற இந்தப் பட்டியல் தமிழ் எழுத்துக்காகச் செய்ததே இல்லை. ட, ண, ர, ல எல்லாம் சொல்லுக்கு முதலில் வராத எழுத்துகள் என்று தொல்காப்பியம் எப்பவோ சொல்லிவிட்டது. அத்தத்தில் பிறந்த பிள்ளைக்கு 'ண'வில் தொடங்கும் தமிழ்ப் பெயர் ஒன்று யாராவது சொல்லட்டும், நாங்கள் தேத்தண்ணி வாங்கித் தருகிறோம். மேடையில் நின்று "ட-வில் பெயர் வைக்கிறான் பார்" என்று எங்களைப் பார்த்துச் சிரிக்கிற பெரியவரின் வீட்டுச் சுவரில் தொங்குவதும் அதே பஞ்சாங்கம்தான்.

ட-வுக்கு இன்னொரு வழியும் உண்டு. இலங்கையில் நாங்கள் ஆங்கிலத்தில் த-வுக்கு டி, எச் இரண்டையும் சேர்த்து எழுதுவோம். தனியாக ஆங்கில 'டி' வந்தால் அது ட. அதனால்தான் இந்தியாவில் தினேஷ் ஆக இருக்கிறவர் இங்கே வந்ததும் டினேஸ் ஆகிறார். பெயர் முதலில் ஆங்கிலத்தில் யோசிக்கப்பட்டு, பிறகு தமிழுக்கு இறக்கப்படுகிறது. ஏன் ஆங்கிலத்தில் யோசிக்கிறார்கள்? பாஸ்போட். லண்டனில் இருந்து சித்தி எடுத்து, "வெள்ளைக்காரன்ர வாயில நுழையிற மாதிரி வையுங்கோ" என்று சொல்லுவா. அதோடு எண் சாத்திரம்.

எண் சாத்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கட பெயர்களின் எழுத்துக்கூட்டலில் பாதி குழப்படி அங்கேயிருந்துதான் வருகிறது. தமிழர்கள் நம்புகிற பெயர் எண் முறை ஆங்கில எழுத்துக்கு மட்டுமே வேலை செய்யும். ஏ-க்கு 1, பி-க்கு 2, இப்படிப் போய் எட்டோடு நிற்கும். எந்த எழுத்துக்கும் 9 கிடையாது. இதை உலகம் முழுக்கப் பரப்பியவர் கீரோ என்று புனைபெயர் வைத்திருந்த ஓர் அயர்லாந்துக்காரர். சொந்தப் பெயர் வில்லியம் ஜோன் வார்னர், 1936ல் இறந்தவர். அவருடைய கணக்கில் நிலவன் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதிக் கூட்டினால் 22 வரும். 22 கூடாத எண். நடுவில் இன்னொரு 'ஏ' போட்டால் 23, ராசியான எண். ஆகவே பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் ஓர் 'ஏ' கூடுகிறது. அதைப் பார்த்துச் சிங்களத்தில் எழுதுகிறவர் நெடிலாக எழுதுவார். அதைப் பார்த்துத் திரும்பத் தமிழில் எழுதுகிற உத்தியோகத்தர் நிலவான் என்று எழுதுவார். தூய தமிழ்ப் பெயர்தான் வைத்தார்கள், சரி. ஆனால் மூன்று மொழியைச் சுற்றி வந்து பிள்ளை வானமாகிவிட்டது. டிலக்சனும் அப்படித்தான். ஆங்கிலத்தில் நடுவில் எக்ஸ் மட்டும் போட்டு எழுதினால் 20. எக்ஸுக்குப் பக்கத்தில் ஒரு எஸ் சேர்த்தால் 23. உலகத்தில் எங்குமே இல்லாத அந்த எக்ஸ்-எஸ் கூட்டு ஏன் எங்கட பெடியளின் பெயரில் மட்டும் வருகிறது என்று மண்டையை உடைக்கிற வெளிநாட்டு விசா அதிகாரிகளுக்கு இதை யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும்.

சரி, அப்படியென்றால் தூய தமிழ்ப் பெயர்தானே வழி என்பீர்கள். அந்த மரபை நாங்கள் இலேசாக எடுக்கவில்லை. வேதாசலம் மறைமலை அடிகள் ஆனதும், நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனதும், இராமையா அன்பழகன் ஆனதும் வெறும் ஸ்டைலுக்கு நடந்த காரியங்கள் இல்லை. கோயிலும் குருக்களும் தீர்மானித்துக் கொடுத்த பெயரைக் கழற்றி வைத்துவிட்டு, தன் பெயரைத் தானே வைத்துக்கொண்ட துணிச்சல் அது. எங்களில் சிலருக்கு அப்படிப்பட்ட பெயர்கள் இருக்கின்றன. முகிலன், இனியன், கவின் எல்லாம் நல்ல பெயர்கள்தான். ஆனால் அந்த மரபை ஓர் அளவுகோலாக்கி மற்றவனின் தலையில் அடிக்கிறபோதுதான் பிரச்சினை.

ஈழத்துத் தமிழின் முதல் புலவர் என்று நாங்கள் மார்தட்டுகிற சங்கப் புலவரின் பெயர் ஈழத்துப் பூதன்தேவனார். பூதன், தேவன். இரண்டிலும் வடமொழி வாடை. தூய தமிழ்ப் பெயர்ப் பட்டியல் போடுகிற எவராவது தன் பேரப்பிள்ளைக்குப் பூதன் என்று வைப்பாரா? சங்க இலக்கியம் முழுக்கச் சாத்தன்களும் பூதன்களும் கீரன்களும் கொற்றன்களும் நடமாடுகிறார்கள். நாங்கள் எடுத்துக்கொண்டது பாரியையும் செழியனையும் வளவனையும், அதாவது அரசர்களை. அதோடு நிலவையும் முகிலையும். பழமையிலும் எங்களுக்கு ராசா வீட்டுப் பழமைதான் வேண்டியிருக்கிறது.

போர்க்காலத்து வன்னியில் தூய தமிழ்ப் பெயர்களுக்குக் கையேடுகள் அச்சாகின. பேக்கரி வெதுப்பகம் ஆனது. பிள்ளைகளுக்கும் அப்படியே பெயர் வைக்கச் சொன்னார்கள். ஆனால் அந்த இயக்கத்தின் தலைவர் தன் மூத்த மகனுக்கு வைத்த பெயர் சாள்ஸ் அன்ரனி. 1983 யூலையில் மீசாலையில் இறந்த சீலன் என்ற தோழனின் சொந்தப் பெயர் அது. அரசியலில் எங்களுக்கு எத்தனை கருத்து வேறுபாடு இருந்தாலும், பெயர் என்றால் என்ன என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் கிடைக்காது. எந்தக் கையேட்டிலும் சாள்ஸுக்குத் தமிழ் அர்த்தம் இல்லை. இறந்துபோன நண்பன் என்பதுதான் அதன் அர்த்தம். துயிலுமில்லக் கற்களில் இரண்டு பெயர்கள் இருந்தன, இயக்கம் வைத்தது ஒன்று, வீட்டில் வைத்தது ஒன்று. அம்மாமார் எந்தப் பெயரைச் சொல்லி அழுதார்கள் என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வேறொருவன் வைத்த பெயரோடு வாழ்ந்து, அந்தப் பெயரைத் தன்னுடையது ஆக்கியவர்களும் எங்கட வரலாற்றில் இருக்கிறார்கள். 1823ல் அமெரிக்க மிசன் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியது. அமெரிக்காவில் இருந்து காசு அனுப்பி ஒரு பிள்ளையைப் படிப்பிக்கிறவர், அந்தப் பிள்ளைக்குத் தான் விரும்பிய பெயரை வைக்கலாம். இங்கே ஒரு பெடியன் தன் வாழ்நாளில் ஒருபோதும் பார்க்காத ஒருவரின் பெயரைச் சுமப்பான். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை. ஆர்னல்ட் 1886ல் பாவலர் சரித்திர தீபகம் எழுதினார். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்தவருக்கு அமெரிக்கப் பெயர். கறோல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர். இவர்களின் தமிழை எந்தத் தூய பெயர்க்காரர் குறைசொல்வார்? அந்த ஆர்னல்டுக்கு 'அர்த்தம்' கேட்டால் அது ஜேர்மன் மூலத்தில் கழுகு, வலிமை என்று ஏதோ வரும். யாழ்ப்பாணத்தில் அதன் அர்த்தம் அதுவா? ஓர் ஏழைப் பிள்ளையின் படிப்புச் செலவு, அதற்கு அவன் கொடுத்த விலை. அதுதான்.

இனி உண்மையில் எங்களைக் கோபப்படுத்துகிற இடத்துக்கு வருவோம்.

வேலுப்பிள்ளை என்று ஒரு வீட்டில். வேலன் என்று இன்னொரு வீட்டில். கந்தப்பிள்ளை, கந்தன். சின்னத்தம்பி, சின்னவன். முருகன் ஒரே முருகன்தான், ஆனால் யாருக்கு அவர் 'பிள்ளை'யோடு வருவார், யாருக்கு மொட்டையாக வருவார் என்பதைச் சாதி தீர்மானித்தது. அர்த்தம் கேட்கிறவர்களுக்குச் சொல்கிறோம், அகராதிப்படி இரண்டுக்கும் ஒரே அர்த்தம். இடாப்பில் பெயரைப் பார்த்தாலே பெடியன் எந்தப் பக்கத்து ஆள் என்று வாத்தியாருக்குத் தெரியும். எந்த வாங்கில் இருத்துவது, இருத்துவதா நிலத்தில் விடுவதா என்றும் தெரியும். எழுபது வயது வேலனை ஏழு வயதுப் பிள்ளை "டேய் வேலா" என்று கூப்பிடும். வேலன் அந்தப் பிள்ளையை "நயினார்" என்பார். கே. டானியலின் நாவல்களை எடுத்து வாசியுங்கள். அதில் யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதை மட்டும் பார்த்துக்கொண்டு போனாலே யாழ்ப்பாணத்தின் கதை விளங்கும்.

இந்த வேலன்களின் பிள்ளைகள் படித்தார்கள், சண்டை பிடித்தார்கள், சிலர் வெளிநாடு போனார்கள். தங்கட பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கிற நேரம் வந்தபோது என்ன செய்தார்கள்? வேலுப்பிள்ளை என்று வைத்தால் "ஓகோ, பிள்ளை ஆகிட்டினமோ" என்று நக்கல் வரும். வேலன் என்றே வைத்தால் பழைய சங்கிலி. இரண்டிலும் இல்லாத, யாருக்கும் சொந்தமில்லாத, எந்தக் கோயிலடியிலும் இருந்து வராத ஒரு சத்தம் தேவைப்பட்டது. அப்பாமாரின் தலைமுறையில் அது ரவீந்திரன், யோகராசா, சிவகுமார் என்று தொடங்கியது. எங்களில் டிலக்சன் ஆனது. எல்லாச் சாதியிலும் டிலக்சன் இருக்கிறான். எங்கட பீடத்து இடாப்பை மேலிருந்து கீழே வாசியுங்கள், பெயரை வைத்துச் சாதி சொல்ல உங்களால் முடியாது. 1968ல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் கதவு திறக்கச் சொல்லி இருந்தவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். கதவைச் சாத்தியவர்களுக்கும் இருக்கிறார்கள். இருவரின் பேரனுக்கும் இன்று ஒரே பெயர். இதைத்தான் நீங்கள் அர்த்தமில்லாத பெயர் என்று மைக்கில் சொல்லிச் சிரிக்கிறீர்கள்.

எல்லோரும் இதைத் திட்டம் போட்டுச் செய்தார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அனேகமான அம்மாமாருக்குப் பெயர் வடிவாக இருந்தது, பக்கத்து வீட்டில் இல்லாததாக இருந்தது, அண்ணன் பிரசாந்தனுக்குத் தம்பி நிசாந்தன் என்று எதுகை விழுந்தது. அவ்வளவுதான். கொழும்பில் இருந்த சில வீடுகளில் வேறு காரணமும் இருந்ததாகக் கேட்டிருக்கிறோம். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டுகிறபோது முதல் பார்வையிலேயே தமிழன் என்று கத்தாத ஒரு பெயர் பெடியனுக்கு வேண்டும். நிரோஷன் சிங்களவரிலும் இருக்கிறான், விக்கெட் காப்பாளர் நிரோஷன் திக்வெல்ல மாதிரி. தகப்பனின் பெயரைப் பார்த்தால் பிடிபட்டுவிடும், உண்மைதான். ஆனால் அந்த ஒரு நிமிடத் தாமதத்துக்கும் ஒரு விலை இருந்த காலம் அது. இந்தக் காரணங்களில் எதுவும் பெயர்ப் புத்தகத்தின் அர்த்தப் பக்கத்தில் அச்சாகாது.

இதற்கு ஒரு மறுப்பு இருக்கிறது, அதை நாங்களே சொல்லிவிடுகிறோம். பெயரில் சாதி தெரியாவிட்டால் சாதி போய்விட்டதா? இல்லை. விசாரணை இடம் மாறியிருக்கிறது. "எந்த ஊர்?" "ஊரில எந்தப் பக்கம்?" "எந்தக் கோயிலடி?" இவ்வளவுக்கும் பதில் பிடிபடாவிட்டால் கலியாணத் தரகர் கடைசியாகக் கேட்கிற கேள்வி, "அப்பப்பாவின்ர பேர் என்ன?" எவ்வளவு கெட்டித்தனம் பாருங்கள். பேரனின் பெயரும் அப்பாவின் பெயரும் காட்டிக்கொடுக்காததை அப்பப்பாவின் பெயர் காட்டிக்கொடுக்கும் என்று அவருக்குத் தெரியும். எங்களில் சிலருக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கூச்சம். வீட்டிலேயே சொல்லித் தந்திருக்கிறார்கள்: வேலன் என்று சொல்லாதை, வேலாயுதம் என்று சொல்லு. செத்துப்போன மனிசனின் பெயரை அவர் செத்த பிறகு திருத்துகிறோம். நீங்கள் நினைக்கிற மாதிரி எங்கட பெயர்களுக்கு அர்த்தம் இல்லாமல் இல்லை. அர்த்தம் கூடிப்போனதுதான் எங்கட கஷ்டம்.

மலையகத்தில் இருந்து வந்து எங்களோடு படிக்கிறவர்களிடம் அவர்களின் தாத்தாமாரின் பெயரைக் கேட்டுப் பாருங்கள். குப்பன், குப்புசாமி, மூக்கன், பிச்சை. சிரிப்பு வருகிறதா? முன்னால் பிறந்த பிள்ளைகள் தப்பாத வீட்டில், அடுத்த பிள்ளை பிறந்ததும் அதைக் கொண்டுபோய்க் குப்பைமேட்டில் ஒரு நிமிடம் போட்டு எடுப்பார்கள். வேண்டாத பிள்ளை, குப்பையில் பொறுக்கியது, இதை எடுத்து என்ன செய்யப்போகிறாய் என்று எமனை ஏமாற்றுகிற வேலை. குப்பன். அல்லது மூக்கைக் குத்தி அடையாளம் வைப்பார்கள். மூக்கன், மூக்காயி. அல்லது வேறு வீட்டில் பிச்சை கேட்டு வாங்கியது போலச் செய்வார்கள். பிச்சை. மலேரியா சூறையாடிய 1935ல் இலங்கையில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 260க்கும் மேல் ஒரு வயதுக்கு முன் இறந்தன. நாலில் ஒன்று. அந்தக் காலத்தில் ஒரு தாய் பிள்ளைக்குக் குப்பை என்று பெயர் வைத்தாள் என்றால், இன்றைக்கு நீங்கள் வைக்கிற எந்த 'வெற்றித்திருமக'னையும் விட அதில் ஆசை அதிகம். அகராதியில் பார்த்தால் குப்பை. அவ்வளவுதான் அகராதிக்குத் தெரியும்.

அந்தப் பெயர்களைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை தன் காதில் விழுந்தபடி செக்ரோலில் எழுதினார். பிறப்பத்தாட்சியில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் இன்னொன்று, சேமலாப நிதிப் புத்தகத்தில் வேறொன்று. 1948ன் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, அப்பன் இங்கே பிறந்தான் என்று காட்டு, இல்லையென்றால் தாத்தனையும் பூட்டனையும் காட்டு என்று கேட்டபோது, குப்பன் யார், குப்புசாமி யார், இருவரும் ஒரே ஆளா என்பது நாடு இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியாகிவிட்டது. அந்த வீட்டுப் பிள்ளைகள் பிறகு எழுத்துப் பிழை விட முடியாத பெயராகத் தேடினால் அதில் என்ன குற்றம்? எங்கட தோழி ஒருத்தியின் வீட்டில் அண்ணனுக்கு அஜித் என்று பெயர். "நடிகன் பெயர்" என்று யாழ்ப்பாணத்தவர் மூக்கைச் சுளிப்பார்கள். அவள் சொன்னாள்: "அஜித்னு எழுதச் சொன்னா யாரும் தப்பா எழுதமாட்டாங்க. அதான் அப்பா வச்சாரு."

பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதில் இருந்து வந்தது. தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். உறவுக்கு நாங்கள் வைத்திருக்கிற சொல்லே ஒரு பெயர் வைக்கும் வழக்கம். தூய தமிழ், பண்பாடு, மரபு என்று பேசுகிறவர்கள் இந்த ஒரு மரபைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. ஏன் தெரியுமோ? அதைத் திரும்பக் கொண்டுவந்தால் வேலுப்பிள்ளைக்குப் பேரன் வேலுப்பிள்ளை என்று நெஞ்சை நிமிர்த்தி வருவான். வேலனுக்குப் பேரன் வேலன் என்று வந்தால், குப்பனுக்குப் பேரன் குப்பன் என்று வந்தால், யாருக்குச் சங்கடம்? பெடியனுக்கா, அவனை இடாப்பில் வாசிக்கிறவருக்கா?

ஆகவே பெயர் வைக்கப் போகிறவர்களுக்கு, எங்கட அக்காமாருக்கும் மச்சான்மாருக்கும், எங்களுக்கும்தான், நாங்கள் பட்டியல் எதுவும் தரப் போவதில்லை. உங்களுக்கு வடிவாக இருக்கிற சத்தத்தை வையுங்கள். தூய தமிழில் வைக்க விருப்பமென்றால் வையுங்கள், பக்கத்து வீட்டு டினோஜனைப் பார்த்துச் சிரிக்காமல் வையுங்கள். எண் சாத்திரியாருக்குக் கொடுக்கிற காசில் பிள்ளைக்குப் பால்மா வாங்கலாம், இன்றைய விலைக்கு அது பெரிய உதவி. அர்த்தம் பார்த்துத்தான் வைப்பேன் என்றால் நல்ல அகராதி ஒன்றில் பாருங்கள், இல்லாவிட்டால் அமைதி என்று கூச்சலைக் கொண்டுவருவீர்கள். ஒரு கொப்பியில் ஒரு பக்கம் எழுதி வையுங்கள்: இந்தப் பெயரை யார் சொன்னது, வேறு எந்தப் பெயர்களை யோசித்தீர்கள், அதை ஏன் விட்டீர்கள், அப்பப்பாவின் உண்மையான பெயர் என்ன, அப்பம்மாவின் பெயர் என்ன, அவைக்கு அதை யார் வைத்தது. அந்தப் பெடியன் இருபது வயதில் எங்காவது ஒரு வகுப்பில் எழும்பி நின்று பதில் சொல்ல வேண்டி வந்தால் கையில் ஏதாவது இருக்கும்.

அஜித்தின் வீட்டில் போன மாதம் மகன் பிறந்திருக்கிறான். தாத்தாவின் பெயர் மூக்கன். அதை அப்படியே வைப்பதா, நடுப்பெயராக வைப்பதா, வேறு பெயர் தேடுவதா என்று வீட்டில் சண்டை. அண்ணிக்கு ஆரவ் வேண்டுமாம், அஜித்தின் அம்மா ஒன்றும் சொல்லாமல் இருக்கிறாவாம். பிறப்பைப் பதிய 42 நாட்கள் இருக்கின்றன. இன்னும் ஒன்பது நாள் மிச்சம்.